யார் உடுத்தப் போகிறார்கள்?

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை அடித்து ஓய்ந்த சில நாட்களிலேயே நாகப்பட்டினம், கடலூர் கடற்கரைகளுக்கு லாரி லாரியாகத் துணி வந்து இறங்கத் தொடங்கியது. பெரும்பாலும் பழைய துணி. மீனவக் குடும்பங்கள் அதில் பெரும்பகுதியைத் தொடவே இல்லை. சாலையோரம் கொட்டப்பட்ட சட்டைகளும் சேலைகளும் மழையிலும் மண்ணிலும் கிடந்து மக்கின. அவற்றை அள்ளி அப்புறப்படுத்துவதே நிவாரண வேலைகளில் ஒன்றாகிப் போனது. தில்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு அந்தக் குவியல்களைக் கையிலெடுத்து, பிரித்து, உபயோகத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டது. 2001 ஜனவரியில் குஜராத் நிலநடுக்கத்தின்போதும் இதே காட்சிதான். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இதே காட்சிதான். கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. சேகரித்தவர்கள் தூக்கம் கெட்டு வேலை செய்தார்கள். இருந்தும் துணி உடம்பில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று யோசிக்காமல் பழைய துணி சேகரிக்கக் கிளம்பும் குழு, அதே குவியலைத் தன் தெருவில் சிறிய அளவில் உண்டாக்கிவிட்டுத்தான் ஓயும்.

மீனவர்களுக்குத் தன்மானம் அதிகம், அதனால் மறுத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பழைய துணி என்றாலே முகம் சுளிப்பவர்கள் அல்ல நம் மக்கள். பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் போடாமல், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன பழைய வேட்டியில் கிடத்துகிறோம். அம்மாவின் பழைய சேலைதான் தூளி. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வதும் அக்காவின் பாவாடையை மடித்துத் தைத்துத் தங்கை உடுத்துவதும் பல வீடுகளில் இன்றைக்கும் நடப்பதுதான். இவற்றில் எதுவும் யாருக்கும் அவமானமாகப் பட்டதில்லை. காரணம், அந்தத் துணி யாருடையது என்பது தெரியும். யாருக்கு என்று எடுத்து வைக்கப்பட்டது என்பதும் தெரியும். கடற்கரையில் கொட்டிய குவியலுக்கு இந்த இரண்டுமே இல்லை. யார் உடம்பிலிருந்து கழன்றது என்றும் தெரியாது, யார் உடம்புக்கு என்றும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆகவே இந்த அத்தியாயம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வற்புறுத்தப் போகிறது: துணி சேகரிப்பைக் கொடுப்பவரின் அலமாரியிலிருந்து தொடங்காதீர்கள், உடுத்தப் போகிறவரிடமிருந்து தொடங்குங்கள். அறிவிப்பு, நாள், இடம், மூட்டை, வண்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். இல்லாதவர்களுக்குக் கிடைப்பதே பெரிது, அதிலும் அளவு, நிறம், பொருத்தம் பார்ப்பதா என்பது அவர்கள் வாதம். அந்தப் பழமொழி மாட்டை வாங்கிக்கொள்பவருக்குச் சொன்னது. ஓட்டிக்கொண்டுவந்து கட்டுபவருக்கு அது பொருந்தாது. பல் விழுந்த மாட்டைக் கட்டிவிட்டுப் போனால், அதற்குத் தீனி போடுவதும் பிறகு புதைப்பதும் வாங்கியவர் தலையில்தான் விழும். துணியும் அப்படியே. வேண்டாத துணியை ஒரு குடிசைக்குள் திணித்தால், ஏற்கெனவே நாலு பேர் படுக்க இடமில்லாத அறையில் ஒரு மூட்டை கூடுகிறது, அவ்வளவுதான். பேரிடர் உதவிக்கான உலகளாவிய குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு, ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு முழு உடைகள் இருக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அவை சரியான அளவிலும், அந்த மக்களின் வழக்கத்துக்கும் பருவத்துக்கும் ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இருபது சட்டைகளைக் கொண்டு கொட்டியும் அதில் ஒன்றுகூடப் போட முடியாதது என்றால், அந்த அளவுகோலின்படி நாம் எதுவும் கொடுக்கவில்லை.

சரி, யாரிடம் போய்க் கேட்பது? முதலில் யாருக்கு ஏற்கெனவே கிடைக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1983 முதல் பொங்கலுக்கு அரசு விலையில்லா வேட்டி சேலை வழங்கிவருகிறது. நெசவாளர்களுக்கு வேலையும் ஏழைகளுக்கு உடையும் சேர்த்துத் தரும் திட்டம் அது. ஒவ்வோர் ஆண்டும் கோடிக்கணக்கில் போகிறது. சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் சீருடை கிடைக்கிறது. எனவே ரேஷன் கார்டு உள்ள குடும்பத்துக்கு இன்னொரு வேட்டியும் சேலையும் சேகரித்துக் கொடுப்பது அவ்வளவு அவசரமான வேலையில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கு வீட்டில் போட்டுக்கொள்ள மாற்றுடை போதாது. இந்த ஊர் ரேஷன் கார்டு இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் பனிக்காலத்தில் வந்து கோடை முடியும்வரை இருப்பார்கள். சின்னக் குழந்தைகளும் கூடவே வரும். அரசு மருத்துவமனையில் திடீரென்று சேர்க்கப்பட்ட நோயாளிக்குத் துணையாக வந்தவர் கட்டிய துணியோடு வந்திருப்பார்; பத்து நாள் அங்கேயே கிடக்க வேண்டியிருக்கும். அவருக்கு ஒரு லுங்கியும் துண்டும், அல்லது ஒரு நைட்டியும் என்ன உதவி என்பதை வார்டு செவிலியரிடம் கேட்டால் சொல்வார். மாநகராட்சிகள் நடத்தும் வீடற்றோர் இல்லங்கள், மனநலக் காப்பகங்கள், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் எனப் பட்டியல் நீளும். ஒரு குழுவுக்கு இவற்றில் ஓரிடம் போதும், மிஞ்சினால் இரண்டு.

கேட்பது என்றால் 'துணி வேண்டுமா' என்று கேட்பதல்ல. அந்தக் கேள்விக்கு வேண்டும் என்ற ஒரே பதில்தான் வரும். எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, பிள்ளைகளுக்கு என்ன வயது, வேலைக்குப் போகும்போது என்ன போடுகிறார்கள், எது சீக்கிரம் கிழிகிறது, ராத்திரிக்கு என்ன உடுத்துகிறார்கள் என்று கேட்டால்தான் உருப்படியான விஷயம் வெளியே வரும். வயலிலும் நூறு நாள் வேலையிலும் உப்பளத்திலும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். வெயிலுக்கும் சுணைக்கும் அது கவசம். அலுவலகம் போகிறவர் காலர் நைந்துவிட்டது என்று கழித்துக்கட்டும் முழுக்கைச் சட்டைக்கு அந்த வேலைக்களத்தில் நல்ல மதிப்பு உண்டு. காலர் எப்படி இருந்தால் அங்கே யாருக்கு என்ன? ஆனால் எந்தச் சேகரிப்பு அறிவிப்பிலும் 'பருத்தி முழுக்கைச் சட்டை தேவை, பெண்களுக்கு' என்று எழுதி யாரும் பார்த்திருக்க மாட்டோம். இந்த ஒரு வரியை எழுதத் தெரிவதற்குத்தான் முதலில் போய்க் கேட்க வேண்டும் என்கிறேன்.

இன்னோர் உதாரணம் சேலை. சேகரிப்புக்கு மிக எளிதாக வருவது சேலைதான், ஏனென்றால் நடுத்தர வீட்டு பீரோவில் அதுதான் மிதமிஞ்சிக் கிடக்கிறது. ஆனால் சேலை மட்டும் கொடுத்தால் அது அரை உடைதான். ரவிக்கை யாருக்குத் தைத்ததோ அவருக்கு மட்டுமே பொருந்தும். ஒருத்தியின் ரவிக்கை இன்னொருத்திக்குச் சேர்வது அபூர்வம். உள்பாவாடையும் வேண்டும். அதனால் சேலை சேகரிப்பதென்றால் கூடவே ரவிக்கைத் துணியும் தையல் கூலியும் திட்டத்தில் இருக்க வேண்டும். அந்தக் குடியிருப்பிலேயே தையல் மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் கூலியைக் கொடுத்து ஏற்பாடு செய்துவிட்டால் பணமும் அங்கேயே தங்கும். அந்தப் பணம் இல்லையென்றால் சேலை வாங்காமல் சுடிதார், நைட்டி என்று போய்விடுவது நல்லது. ஆண்களுக்கான கால்சட்டையில் வேறு சிக்கல். கொடுக்கிறவர்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், வாங்குகிறவர்கள் மண் சுமப்பவர்கள். முன்னவர் இடுப்பு 38, 40 என்று இருக்கும். பின்னவருக்கு 30 கூடத் தொளதொளக்கும். லுங்கிக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அறிவிப்பு எழுதுவது சுலபம். ஆறேழு பொருளுக்கு மேல் கேட்காதீர்கள். வயதும் அளவும் போட்டுக் கேளுங்கள்: '6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு டீ-சர்ட், டிராயர்; பெரியவர்களுக்குப் பருத்தி முழுக்கைச் சட்டை, நைட்டி, லுங்கி; போர்வை, சிறு பிள்ளை ஸ்வெட்டர்.' அதன் கீழே வேண்டாதவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பயன்படுத்திய உள்ளாடை, ஜரிகைப் பட்டு, கோட்டு, கறை படிந்தது, ஜிப் போனது, தனியார் பள்ளிச் சீருடை ஆகியவை வேண்டாம். சுடிதார் என்றால் டாப், பேன்ட், துப்பட்டா மூன்றையும் சேர்த்துக் கட்டித் தர வேண்டும். பாவாடைக்கு நாடா இருக்க வேண்டும், சட்டைக்குப் பித்தான் இருக்க வேண்டும். துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துத் தர வேண்டும். இதைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவீர்களா என்று ஒரு வரி சேர்த்தால் பாதிப் பேருக்கு விஷயம் புரிந்துவிடும்.

இவ்வளவு நிபந்தனை போட்டால் யார் கொடுப்பார்கள் என்ற பயம் குழுவுக்குள் எழும். கொடுப்பவர் மனம் நோகும், ஆர்வம் குன்றும், மூட்டை குறையும் என்பார்கள். மூட்டை குறையும், மறுக்கவில்லை. அது குறைய வேண்டும் என்பதுதான் நோக்கமே. 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்ற அறிவிப்பைப் படிக்கிறவர் காதில் 'வேண்டாததைப் போடுங்கள்' என்றுதான் விழுகிறது. அப்படி வந்தவற்றை உட்கார்ந்து பொறுக்கும் வேலை நம் தன்னார்வலர்கள் தலையில் விழும். கழிக்கும் செலவு நம் பணத்தில் போகும். மேலும், வேண்டாத துணிக்கு ஊரில் போக்கிடமே இல்லை என்பதும் சரியல்ல. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவில் நடந்துகொண்டுதான் இருக்கிறார். பட்டு ஜரிகையை எடைக்கு வாங்கும் கடைகள் இருக்கின்றன. அந்த வியாபாரிகளும் பிழைக்க வேண்டும். அவர்களிடம் போக வேண்டிய துணியை அவர்களிடம் போகவிட்டு, உடுத்தத் தகுந்ததை மட்டும் நாம் கேட்டு வாங்குவதில் யாருக்கும் நஷ்டமில்லை. மனம் நோகும் கொடையாளர் சிலர் இருக்கலாம். ஆனால் வயதும் அளவும் குறிப்பிட்டுக் கேட்கும்போது, தான் கொடுப்பது ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்குப் போகிறது என்ற எண்ணம் வருகிறது. கடைக்குப் போய்ப் புதிதாகவே ஒன்று வாங்கித் தருகிறவர்களும் அப்போதுதான் கிளம்புகிறார்கள்.

புதிது என்றதும் உள்ளாடையைச் சொல்ல வேண்டும். எங்கே போய்க் கேட்டாலும் மிக அதிகமாக இல்லாதிருப்பது அதுதான். வாய்விட்டுக் கேட்கப்படாததும் அதுதான். பழையதாக வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஜட்டி, பனியன், பெண்களுக்கான உள்ளாடை, மாதவிடாய்த் துணி அல்லது நாப்கின் ஆகியவற்றைப் பணம் திரட்டி மொத்த விலையில் புதிதாக வாங்குவதுதான் வழி. பனியனுக்குத் திருப்பூரை விட்டால் வேறு ஊர் ஏது? அளவு மாறிப்போன, அச்சுப் பிசகிய இரண்டாம் தரச் சரக்கு அங்கே மலிவாகவே கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் கூர்மையான ஒரு மறுப்பு வரும். பணம் திரட்டிப் புதிது வாங்குவதுதான் மேல் என்றால், பழைய துணி எதற்கு? பணத்தையே கொடுத்துவிடலாமே? பேரிடர் நேரத்தைப் பற்றிய கேள்வியென்றால் அதற்கு நான் உடனே தலையசைப்பேன். வெள்ளம், புயல் அடித்த முதல் இரண்டு வாரத்தில் பழைய துணி சேகரிக்கவே சேகரிக்காதீர்கள். அப்போது சாலையில் லாரிக்கு இடமில்லை, பிரிக்க ஆளில்லை, வைக்க உலர்ந்த இடமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கூரை பறந்த வீடுகளுக்குத் தேவைப்பட்டது தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவலை, பாய், புதிய நைட்டி, நாப்கின். ஆனால் சாதாரண நாட்களின் கணக்கு வேறு. புதிய முழுக்கைச் சட்டை ஒன்றின் விலையில், துவைத்து மடித்த பழைய சட்டைகள் பத்தை அனுப்பும் வண்டி வாடகையைக் கொடுத்துவிடலாம். அந்தச் சட்டைகள் எப்படியும் இருக்கின்றன. போட ஆளும் இருக்கிறது. இடையில் உள்ள தூரத்தைக் கடக்க வைப்பதுதான் நம் வேலை. 1999-இல் அன்ஷு குப்தா கூஞ்ச் அமைப்பைத் தொடங்கியதே இந்த எண்ணத்தில்தான்: புயல், பூகம்பம் வந்தால் மட்டும் துணி ஞாபகம் வருகிறது, ஆண்டு முழுக்க நடுங்குகிறவர்களுக்கு யார் என்று. 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

நாள் குறிப்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. போகிக்கு முந்தைய வாரம். வீட்டைக் கழுவி, அலமாரியைக் காலி செய்து, பழையதைக் கழிக்கும் வழக்கம் தானாகவே நடக்கிறது. அதை எரித்துச் சென்னை விமான நிலையத்தில் விமானம் இறங்க முடியாமல் செய்வதைவிட நல்ல வழி உண்டு என்று மாநகராட்சியே வார்டுதோறும் பழைய பொருள் வாங்கத் தொடங்கியிருக்கிறது. மழைக்காலமும் அதற்குள் முடிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சேகரித்தால் மூட்டைக்குள் பூஞ்சை பிடித்து எல்லாம் வீண். தீபாவளிக்கு முன் சேகரிக்க விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தத் திருநாளுக்கு ஏழைக் குடும்பமும் புதுத் துணியைத்தான் எதிர்பார்க்கும். பழையதை அந்த நாளில் நீட்டாதீர்கள். சேகரிப்பை இரண்டே நாளில் முடியுங்கள், அதிலும் குறிப்பிட்ட மணி நேரத்தில், ஆள் உட்கார்ந்திருக்கும் மேசையில். கொண்டுவருகிறவர் முன்னாலேயே பையைப் பிரித்துப் பார்த்து, ஆகாததைச் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாசலில் பெட்டி வைத்துவிட்டுப் போனால் மறுநாள் அது குப்பைத் தொட்டி. ஈரானில் 2015-இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய, வேண்டாததை வைத்துவிட்டுப் போகவும் வேண்டியவர் எடுத்துக்கொள்ளவுமான அன்புச் சுவர்களுக்குத் திருநெல்வேலி உட்பட நம் ஊர்களிலும் வரவேற்பு இருந்தது. தினமும் போய்ப் பார்க்க ஆள் இருக்கும்வரை அது சுவர். ஆள் போகாத நாளிலிருந்து அது வெறும் குவியல்.

பிரிக்கும் வேலையைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஒரு துணியை விரித்து, ஜிப், பித்தான், அக்குள், கறை பார்த்து, அளவுச் சீட்டு ஒட்டி மடிக்க ஒரு நிமிடம் வைத்துக்கொண்டால், ஆயிரம் துணிக்குப் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். நாலு பேர் இருந்தால் அரை நாள் முழுசாகப் போகும். துணியைத் தரையில் வைக்காமல், செங்கல் அடுக்கிப் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். எலியும் ஈரமும் தரை வழியாகத்தான் வரும். சொறி சிரங்கு பரவுமோ என்று வாங்குகிறவர்கள் பயப்படுவது நியாயமானது, அதை வீண் அச்சம் என்று தள்ளாதீர்கள். சிரங்குப் பூச்சி மனித உடம்பை விட்டு வந்தால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடிருக்காது. எனவே துவைத்து வந்த துணியையும் ஒரு வாரம் கட்டி வைத்துவிட்டுக் கொடுத்தால் அந்த விஷயம் முடிந்தது. அதை வாங்குகிறவர்களிடம் சொல்லவும் வேண்டும்.

வினியோகம்தான் இதில் மிக ஆபத்தான கட்டம். ஆபத்து என்ற சொல்லை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கன் வாங்கக் கூடியவர்களில் 42 பேர் நெரிசலில் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 4 அன்று வாணியம்பாடியில் தைப்பூசத்தையொட்டித் தனியார் ஒருவர் இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் கொடுத்தபோது நான்கு பெண்கள் இறந்தார்கள். ஒரு சேலைக்காக. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத கூட்டத்தை ஒரு வாசலில் கூட்டி, உள்ளே இருப்பது போதுமா என்ற சந்தேகத்தையும் உண்டாக்கினால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். முதலிலேயே ஆட்களை எண்ணிவிட்ட குழுவுக்குக் கூட்டம் கூட்டும் தேவையே வராது. வீடு வீடாக முன்னரே சீட்டு கொடுத்து, இன்னின்ன வரிசைக்கு இன்னின்ன நேரம் என்று சொல்லி, மரத்தடியிலோ சமுதாயக் கூடத்திலோ கயிறு கட்டித் துணிகளைத் தொங்கவிடுங்கள். ஒரு கண்ணாடி, போட்டுப் பார்க்க ஒரு மறைப்பு. பெண்களுக்குத் தனி நேரம். தலைக்கு இத்தனை உருப்படி என்று வரம்பு இருக்கட்டும், எது என்பதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்று வெறுங்கையோடு போகிறவரை வற்புறுத்தக் கூடாது. படம் எடுக்க வேண்டுமானால் கயிற்றில் தொங்கும் துணியைப் படம் எடுங்கள்.

ஐந்து, பத்து ரூபாய் என்று பெயருக்கு ஒரு விலை வைக்கலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஏழையிடம் காசு வாங்குவது பாவம் என்பது ஒன்று; இலவசம் என்றால் மதிப்பிராது என்பது மற்றொன்று. இரண்டாவது கட்சியின் வாதத்தில் ஏழைகளைப் பற்றிய இளக்காரம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. மதிப்புள்ளதை இலவசமாகக் கொடுத்தாலும் மக்கள் மதிக்கத்தான் செய்கிறார்கள், பொங்கல் சேலையைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் விலை வைப்பதற்கு வேறொரு நல்ல காரணம் இருக்கிறது: காசு கொடுத்தவர் குறை சொல்லலாம், இது நைந்திருக்கிறது, வேறு காட்டு என்று கேட்கலாம். அந்த உரிமைதான் நமக்கு வேண்டும். காசு வாங்காமலும் அதைக் கொடுக்க முடியும். கூஞ்ச் கிராமங்களில் குளம் தூர்வாருவது, பாதை போடுவது போன்ற ஊர் வேலையை மக்களே தேர்ந்தெடுத்துச் செய்ய, அதற்கு ஈடாகத் துணி கொடுக்கிறது. ஒரு நாள் நிகழ்ச்சி நடத்தும் தெருக்குழுவுக்கு அது பெரிய ஏற்பாடு. மருத்துவமனை வார்டிலும் வீடற்றோர் இல்லத்திலும் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. துணி இலவசமாக வரும், மற்ற எதுவும் வராது. குட்டி யானை வாடகை, சாக்கு, கயிறு, புது உள்ளாடை, தையல் கூலி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். துணியோடு கொஞ்சம் பணமும் கேட்க வெட்கப்பட வேண்டாம். பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக நடத்தினாலும், பொருளாகக் கொடுத்த துணிக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதைக் கேட்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்குப் பணத்துக்கு உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. எவ்வளவு கறாராக வாங்கினாலும் கொஞ்சம் மிஞ்சும். தடிமனான பருத்தி என்றால் மஞ்சப்பை தைக்கத் தரலாம், மிருதுவானது தூளிக்கும் குழந்தைத் துணிக்கும் ஆகும், மீதிப் பருத்தியைப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்க எடைக்கு வாங்குவார்கள். பாலியெஸ்டருக்கு இந்தப் போக்கிடமும் கிடையாது. கயிற்றைக் கழற்றுவதற்கு முன்னால், யாரும் எடுக்காமல் தொங்கியவை எவை, முதல் அரை மணி நேரத்தில் தீர்ந்தவை எவை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த போகிக்கான அறிவிப்பை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.